ஏடும் மடியும்

குழந்தையைப் பேணி வளர்க்கும் பொறுப்பை அரபு மொழியில் ‘ஹளானத்’ என்பர். மார்பும் மடியும் சேர்ந்த அணைப்பிடத்தைக் குறிக்கும் ‘ஹிள்ன்’ என்னும் சொல்லின் வழிப் பிறந்தது அது. சட்ட நூலார் ஒரு கடமைக்குப் பெயரிட நேர்ந்தபோது அலுவலகத்தை நாடவில்லை. தாயின் மடியை நாடினர். ஃபிக்ஹுப் பாடத்தில் இச்சொல்லை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வரும் நாம், அண்மையில் ஓர் ஏட்டைப் படித்தபோது அதே சொல்லை உரைகல்லாகக் கொண்டோம். அதன் விளைவே இத்திறனாய்வு.

நாம் படித்தது, மனிதநேய உதவிப் பணிகளில் குழந்தைப் பாதுகாப்புக்கான கூட்டமைப்பு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு. தொற்றுநோய் பரவும் காலத்தில் குழந்தைகளை எவ்வாறு காப்பது என்பதே அதன் பொருள். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அநாதைகளாக்கியது. அப்பாடத்திலிருந்து எழுந்த நூல்களுள் இதுவும் ஒன்று.

இதன் சிறப்பை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. நோய் உடலை மட்டும் தாக்குவதில்லை. நோயைத் தடுக்கும் முறையே சில வேளைகளில் குழந்தையைத் தாக்குகிறது என்பதை இக்குறிப்பு உணர்ந்திருக்கிறது. தாயைத் தனிமைப்படுத்தினால் கைக்குழந்தை யாரிடம் இருக்கும்? குணமாகித் திரும்பிய சிறுவனை ஊர் ஒதுக்கினால் அவன் எங்கே போவான்? இவ்வினாக்களுக்கு மருத்துவர் மட்டும் விடை கூற இயலாது. மருத்துவரும் குழந்தை நலப் பணியாளரும் முன்கூட்டியே ஒன்றாக அமர்ந்து திட்டமிட வேண்டும் என்னும் அதன் அடிப்படைக் கருத்தை நாம் மனமார ஏற்கிறோம்.

ஆயினும் அந்நூலைப் போர்க்களத்திற்குக் கொண்டு செல்லும்போது இரண்டு குறைகள் தெரிகின்றன.

முதற்குறை சொல்லைப் பற்றியது. ‘பாதுகாப்பு’ என்னும் சொல் நம் தமிழில் படைக்கும் உரியது, பிள்ளைக்கும் உரியது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னி மக்கள் எங்கே ஒதுங்கச் சொல்லப்பட்டனர்? ‘பாதுகாப்பு வலயம்’ என்று பெயரிடப்பட்ட கடலோரத் துண்டுக்குள். அவ்வலயத்திற்குள்ளேயே எறிகணைகள் விழுந்ததை ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் பதிவு செய்தது. அதிலிருந்து உயிர்தப்பி வந்த தாயிடம், “உன் பிள்ளைக்குப் பாதுகாப்பு அளிக்க வந்துள்ளோம்” என்று ஒருவர் சொன்னால், அவள் பிள்ளையை நீட்டுவாளா, இன்னும் இறுக அணைப்பாளா? சுட்ட சொல்லை மீண்டும் எடுத்தாள்வோர், அதில் இன்னும் கனல் இருப்பதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் குறை ஏட்டைப் பற்றியது. பிரிந்த பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்க என்பது குழந்தை நலப் பணியின் முதல் விதி. அமைதியான நாட்டில் இது நல்விதி. வவுனியாவின் மெனிக் பாம் முகாமை எண்ணிப் பாருங்கள். போர் ஓய்ந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அம்முட்கம்பி வேலிக்குள் இருந்தனர். நெருக்கடி மிகுந்த கூடாரங்களில் சின்னம்மையும் மஞ்சள் காமாலையும் பரவின. காயமுற்ற பிள்ளை ஒரு மருத்துவமனையில், தாய் முகாமில், தந்தை தடுப்பு நிலையத்தில் எனக் குடும்பங்கள் சிதறிக் கிடந்தன. குடும்பங்களைத் தேடி இணைக்கும் அலகு, நன்னடத்தை மற்றும் குழந்தை பராமரிப்புத் துறையின் பொறுப்பில், யுனிசெப் துணையுடன் வவுனியாவில் அமைந்தது 2009 டிசம்பரில்; போர் முடிந்து ஏழு மாதங்களுக்குப் பின்! தேடப்பட்ட பிள்ளைகளுள் மிகுதியானோர் புலிகளால் படையில் சேர்க்கப்பட்டவர்கள் எனப் பெற்றோரே எழுதிக் கொடுத்தனர். மகனின் பெயரை எழுதுவது அவனைத் தேடுவதும் ஆகும். அவனைக் காட்டிக்கொடுப்பதும் ஆகும் என்னும் அச்சத்தோடு எழுதிய கைகள் அவை. ஏட்டை யார் வைத்திருப்பார், யார் கண்ணில் படாமல் வைத்திருப்பார் என்னும் வினாவே போர்நிலத்தில் முதல் வினா. முகாமுக்குள் நுழையும்போது கேட்க வேண்டிய இவ்வினாவைக் கூட்டக் குறிப்புகளின் கடைசியில் வைப்பது தகாது.

துப்பாக்கிகள் குழந்தைக்காக ஒருபோதும் ஓய்வதில்லை என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் 1995 முதல் போலியோச் சொட்டு மருந்து நாள்களில் இரு தரப்பும் போரை நிறுத்தி வைத்தன. காஸாவில் 2024 செப்டம்பர் முதல் நாள் தொடங்கிய முதற்சுற்றில் ஏறத்தாழ ஐந்து இலட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து புகட்டப்பட்டது. ஆனால் சொட்டு மருந்துக்கு ஒரு நொடி போதும். பிரிந்த பிள்ளைக்கு ஆண்டுகள் வேண்டும். நொடிக்கு இசைந்த படைகளை ஆண்டுகளுக்கு இசைவிப்பதே உண்மையான ஒருங்கிணைப்பு. அதைப் பற்றி நம் கையிலுள்ள ஏடு இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம்.

ஏடும் மடியும் ஒன்று சேர்ந்த இடமும் உண்டு. காங்கோவின் வட கிவு மாநிலத்தில், ஆயுதக் குழுக்களின் தாக்குதலுக்கு நடுவே, 2018 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை எபோலா பரவி இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெனி நகரில் சிகிச்சை நிலையத்தை ஒட்டிக் குழந்தைகள் காப்பகம் ஒன்று அமைந்தது. தாய் உள்ளே படுத்திருக்க, கைக்குழந்தையை ஏந்தியவர்கள் அந்நோயில் விழுந்து எழுந்தவர்கள். நோய் எதிர்ப்பாற்றல் பெற்ற உடலை அவர்கள் ஊராரின் பிள்ளைக்கு மடியாக்கினர். மருத்துவ அறிவும் பதிவேடும் தாய்மையும் ஒரே கூரையின்கீழ்க் கூடின. ஹளானத் என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரை நாம் கண்டதில்லை.

கொள்ளைநோய் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்னும் நூலை யாத்த இமாம் இப்னு ஹஜர், தம் பெண்மக்கள் மூவரை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். இழப்பை அறிந்தவர் எழுதும் நூலுக்கு ஒரு நிறம் உண்டு. பெனியின் அப்பெண்களும் ஒரு நூல் எழுதினால் அது எப்படி இருக்கும் என எண்ணிக்கொண்டோம்.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு சொல். ‘மடி இருக்க ஏடு எதற்கு?’ என்று மகிழ்ந்துவிட வேண்டா. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதத்தில், பெற்றோரை இழந்த பச்சிளங் குழந்தைகளைத் தத்தெடுத்துக்கொள்ளுமாறு கைப்பேசி வழியே செய்திகள் வந்தன. தொப்பம்பட்டியில் நம் கைப்பேசிக்கும் ஒன்று வந்தது. உருக்கத்தால் நாமும் அதை இருவருக்கு அனுப்பினோம். அது சட்டத்திற்குப் புறம்பான வழி என்பதைப் பின்னரே அறிந்து வெட்கினோம். அடுத்த மாதமே, நமக்கு அண்மையிலுள்ள மதுரையில், ஒரு காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் பொய்ச் சான்று காட்டி விற்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. நோய், களவுக்குப் போர்வையாயிற்று. உருக்கம் மட்டும் காவலாகாது. ‘கஃபாலத்’ என்னும் சொல்லுக்கே பிணை நிற்றல் என்பது பொருள். பிணை நிற்பவன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன்.

ஆகவே நாம் கூறும் தீர்ப்பு இது: 2018இன் அவ்வேடு தேவையான நூல், ஆனால் அலுவலகத்திலிருந்து மடியை நோக்கி எழுதப்பட்ட நூல். மடியிலிருந்து அலுவலகத்தை நோக்கி எழுதப்படும் நூல் இன்னும் வரவில்லை. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து முகாமிலும், புத்தளத்திலும், வவுனியாவிலும், சிறுவயதில் அவ்வரிசைகளில் நின்றவர்கள் இன்று வளர்ந்து நம்மிடையே வாழ்கின்றனர். அந்நூலை எழுதத் தக்கவர்கள் அவர்களே. அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது தமிழறிந்தோர் கடன்.