காட்சி எழிலும் மெய்ப்பாடும்: ‘பாரி லிண்டன்’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

பழங்காலத்தைக் களமாகக் கொண்டு எழும் திரைப்படங்கள்மீது திறனாய்வாளர் அடிக்கடி சுமத்தும் குறை ஒன்றுண்டு. கண்ணுக்கு விருந்து உண்டு; நெஞ்சுக்கு இல்லை என்பதே அது. மாளிகையும் ஆடையும் அணியும் முன்னிற்க, மாந்தர் பின்னே மறைந்துவிடுவர் என்பது அவர்தம் கருத்து. இக்குறைக்குப் பெரிதும் ஆளான படம், ஸ்டான்லி கூப்ரிக் இயக்கி 1975இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’. அக்குறை எத்துணை பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தாக்கரே 1844இல் எழுதிய புதினமே இப்படத்தின் மூலம். அயர்லாந்து இளைஞன் ஒருவன் ஏழாண்டுப் போரில் (1756–63) படைவீரனாகிப் பின் சூதாடியாகி, செல்வம் மிக்க லிண்டன் சீமாட்டியை மணந்து உயர்ந்து, ஈற்றில் அனைத்தையும் இழக்கின்றான். படம் நான்கு ஆஸ்கர் பரிசுகளைப் பெற்றது. அவை ஒளிப்பதிவு, கலை, உடை, இசை ஆகியவற்றிற்கு உரியன. நடிப்பிற்கு ஒன்றும் இல்லை. குறை கூறுவோர்க்கு இதுவே சான்றாகத் தோன்றலாம்.

ஆயினும், அவ்வெழில் எவ்வாறு அமைந்தது என்பதை நோக்குதல் வேண்டும். இரவுக் காட்சிகள் பலவற்றை மெழுகுவத்தியின் ஒளியிலேயே ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் படமாக்கினார். இதன்பொருட்டு, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்காகச் செய்யப்பட்ட, 0.7 என்னும் மிகப் பெரிய திறப்புடைய சைஸ் வில்லை பயன்படுத்தப்பட்டது. திறப்பு பெரிதானால் தெளிவாகத் தோன்றும் ஆழம் குறையும். நடிகர் சிறிது முன்பின் அசைந்தாலும் முகம் மங்கிவிடும். ஆகவே அவர்கள் பெரிதும் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. கருவியின் தேவையால் வந்த அவ்வசைவின்மையே கதைப்பொருளுக்கும் ஏற்றதாகிவிடுகின்றது. ஒழுங்கு தவறி அசைபவர்க்கு இடமில்லாத உயர்குடி உலகினையே அது நமக்குக் காட்டுகின்றது.

படத்தில் பலகால் வரும் மற்றொரு முறையும் இத்தகையதே. ஒருவரை அண்மையில் காட்டித் தொடங்கும் காட்சி, மெல்ல மெல்லப் பின்வாங்கி, கெயின்ஸ்பரோ முதலிய அக்கால ஓவியரின் படைப்பை ஒத்த பரந்த நிலக்காட்சியாக விரிகின்றது. காட்சி விரிய விரிய மனிதன் சிறுத்துப் போகின்றான். எழில் மிகுந்தோறும் அவன் எளிமை புலனாகின்றது. எனவே எழில் இங்கு வெறும் அணியன்று; கருத்தை உணர்த்தும் வாயிலாகும்.

இனி, உணர்ச்சியை நோக்குவோம். அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்கண் தோன்றும் என்பர் தொல்காப்பியர். பாரியின் வீழ்ச்சியில் இந்நான்கும் உள. விருந்தினர் நிறைந்த இசையரங்கில் மாற்றான் மகன் புல்லிங்டனைத் தாக்கி, உயர்குடியினரின் மதிப்பை இழக்கின்றான். தன் மகனைச் சாவுக்குக் கொடுக்கின்றான். இருவர் போரில் காலை இழந்து தளர்கின்றான். ஆண்டுக்கு 500 கினி பெற்று இங்கிலாந்தை விட்டு நீங்கும் நிலையை அடைகின்றான்.

இவற்றுள் இழவே தலையாயது. மகன் இறப்பான் என்பதைக் கதை கூறுவோன் முன்னரே அறிவித்துவிடுகின்றான். என்ன நேருமோ என்னும் ஆவல் அங்கு நீங்குகின்றது; இரக்கம் மட்டுமே எஞ்சுகின்றது. சாகும் மகனருகே அமர்ந்து, முன்பு சொன்ன போர்க்கதையைத் தந்தை மீண்டும் சொல்லத் தொடங்கி, முடிக்கவியலாது அழுகின்றான். பிறந்தநாளில் சிறுவன் ஏறி வந்த ஆட்டு வண்டியே பின்னர் அவன் சவப்பெட்டியையும் சுமந்து வருகின்றது. அழகிய அச்சிறு வண்டியை முதலில் கண்டு மகிழ்ந்திராவிடின், அதனை இரண்டாம் முறை காணுங்கால் நம் நெஞ்சு நடுங்குமோ?

அங்ஙனமாயின் குறையே இல்லையோ எனின், உண்டு. அது லிண்டன் சீமாட்டியைப் பற்றியது. மரிசா பெரன்சன் ஏற்ற அப்பாத்திரம், நஞ்சுண்டு துடிக்கும் காட்சி முதலிய சில நீங்கலாக, ஓவியப் பாவைபோல் வாய்வாளாதே இருக்கின்றது. ஈற்றில், 1789ஆம் ஆண்டு என்று பொறித்த பணத்தாளில் பாரியின் பெயரைக் கண்டு அவள் கை சிறிது தயங்குகின்றது. அத்தயக்கம் காதலோ, கழிவிரக்கமோ, வெறும் நினைவோ? ஒரு பொருளைக் குறிப்பாக வைத்தல் கலைக்குப் பெருமையே. ஆனால் குறிப்பினை உணர்தற்கு அவள் உள்ளம் முன்னரே ஓரளவேனும் நமக்குத் திறக்கப்பட்டிருத்தல் வேண்டும். முகத்தை நெடுநேரம் காட்டிய படம் உள்ளத்தைக் காட்டத் தவறியது.

ஆகவே, பாரியின் திறத்தில் எழில் உணர்ச்சிக்கு ஏணியாயிற்று. சீமாட்டியின் திறத்தில் அதுவே திரையாயிற்று. எழிலும் ஆழமும் தம்முள் பகையல்ல. ஓர் அழகிய காட்சி தன்னகத்துள்ள மனிதனைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.