விரலைக் கேட்கும் வாசல்

புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் போக இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதலில் பையையும் ஆளையும் பார்க்கும் சோதனை. அடுத்து, டிக்கெட்டைக் காட்டும் கம்பத்தில் ஒரு விரலை வைக்கச் சொல்கிறார்கள். இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால் இரண்டுக்கும் 'செக்யூரிட்டி' என்று ஒரே பெயரை வைத்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே நடக்கிறோம். எனக்கு உடன்பாடில்லாதது அந்தப் பெயரில்தான்.

பைகளைத் திறந்து பார்ப்பது 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த வழக்கம். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி 2015 டிசம்பரில் வந்தது. இவை கேட்பதெல்லாம் "என்ன கொண்டு வருகிறாய்?" என்பதுதான். பதில் கிடைத்த மறுநொடி நம்மை மறந்துவிடுகின்றன. விரல் வாங்கும் வழக்கமோ இவற்றுக்கெல்லாம் முந்தியது; 1990களிலேயே வந்துவிட்டது. அப்போது இருந்தவை விரலின் வடிவத்தை அளக்கும் கருவிகள். 2000களின் நடுவில்தான் ரேகைக்கு மாறினார்கள். அது கேட்பது "நீ யார்?" என்பதை, கேட்டதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. குண்டு வைக்க வருபவனும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, விரலை வைத்துவிட்டு உள்ளே போகலாம். அவனைத் தடுக்க அந்தக் கம்பத்தால் ஆகாது. அதற்காக அது நடப்படவும் இல்லை.

அது காவல் காப்பது டிக்கெட்டை. டிஸ்னியில் அதிக நாட்களுக்குச் சேர்த்து வாங்கினால் ஒரு நாளுக்கான விலை மளமளவென்று இறங்கும். ஐந்து நாள் டிக்கெட் வாங்கி, மூன்று நாள் சுற்றிவிட்டு, மிச்ச இரண்டு நாளை வேறொருவருக்குத் தள்ளிவிட்டால் விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம். நஷ்டம் பூங்காவுக்கு. அதைத் தடுக்க நிறுவனம் நினைப்பதில் தப்பொன்றும் இல்லை. நம் ஊர் ரயில் சீசன் டிக்கெட்டுக்கும் இதே கவலை உண்டு. படம் ஒட்டிய ஓர் அட்டையை வைத்துக்கொண்டு அது காலம் காலமாக ஓடுகிறது. கவலை நியாயமானது என்பதால் அதற்குக் கேட்கும் விலையும் நியாயமாகிவிடுமா?

டிஸ்னியின் தரப்பையும் முழுதாகச் சொல்ல வேண்டும். விரலின் படத்தை ஓர் எண்ணாக மாற்றுகிறோம், படத்தை உடனே அழித்துவிடுகிறோம், மறுமுறை வரும்போது அந்த எண்ணை மட்டுமே ஒப்பிடுகிறோம் என்கிறது நிறுவனம். விரல் வைக்க விருப்பமில்லையென்றால் படமுள்ள அடையாள அட்டையைக் காட்டலாம் என்றும் அறிவித்திருக்கிறது. இந்த வகை ஏற்பாடுகளில் இது மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் 'எண்தானே' என்ற சமாதானம் கேட்பதற்கு இருக்கும் அளவுக்குக் கெட்டியானதல்ல. ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்ற குறிப்புகளைத்தான் பெரும்பாலான கருவிகள் சேமிக்கின்றன. அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, கருவிகளை ஏமாற்றும் அளவுக்கு ரேகைப் படத்தைத் திரும்ப வரைய முடியும் என்று 2007இல் இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சேமிப்பவர் பெரிய இடம் என்பதும் காப்பாகாது. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்தே 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடு போயின. அந்த 56 லட்சம் பேருக்கும் இன்றும் அதே விரல்கள்தான்.

டிஸ்னிக்கு எதிரான வலுவான சாட்சி டிஸ்னியேதான். கொரோனா மூடலுக்குப் பின் 2020 ஜூலையில் புளோரிடா பூங்கா திறந்தபோது, தொற்றுக்கு அஞ்சி விரல் வைப்பதை நிறுத்தினார்கள். டிக்கெட் வியாபாரம் அதனால் படுத்துவிடவில்லை. பிறகு விரலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டிலோ பல ஆண்டுகளாக வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மறுமுறை வரும்போது ஊழியர் முகத்தைப் பார்த்து உள்ளே விட்டார். அதே முதலாளி, அதே திருட்டு, அதே பல நாள் டிக்கெட். ஒரு கரையில் படம் போதுமானபோது மறுகரையில் விரல் எதற்கு? வசதிக்கு. வரிசை வேகமாக நகரும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இல்லினாய் மாநிலத்தில் நடந்தது வேறு ரகம். 2014இல் அங்குள்ள சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போன 14 வயதுப் பையனிடம் சீசன் பாஸுக்காகக் கட்டைவிரல் ரேகையை வாங்கினார்கள். வீடு திரும்பியவனிடம் தாய் காகிதங்களைக் கேட்டார். ஒரு காகிதமும் இல்லை. ரேகை எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. தாயின் கையெழுத்தையும் வாங்கவில்லை. இவை எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்று 2008லேயே அந்த மாநிலம் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டத்துக்கும் ஒரு கதை உண்டு: விரல் வைத்துப் பணம் செலுத்தும் சேவை நடத்திய பே பை டச் என்ற நிறுவனம் திவாலானபோது, வாடிக்கையாளர்களின் ரேகைகளும் சொத்தோடு சொத்தாக ஏலம் போய்விடுமோ என்ற பயம் கிளம்பியது.

தாய் தொடுத்த வழக்கில் பூங்காவின் வாதம் எளிது: பையனுக்கு என்ன கெட்டுப்போயிற்று? பணம் போகவில்லை, ரேகை கசியவில்லை. இந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2019 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. கேட்காமல் எடுத்ததே உரிமை மீறல், அதற்கு மேல் ஒரு காயத்தைக் காட்ட வேண்டியதில்லை என்றது. நிறுவனம் பின்னர் 3.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தொகை அதிகம் என்று சிலருக்குத் தோன்றலாம். சட்டம் கேட்டதோ ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்.

நீதிமன்றம் சொன்னதுதான் சரி. ரேகை விஷயத்தில் காயம் தெரியவரும் நாளில் அதை ஆற்ற வழி இருக்காது. எனவே கணக்கை எடுக்கும் நேரத்திலேயே கேட்டாக வேண்டும்.

தமிழில் 'கைநாட்டு' என்பது ஒரு காலத்தில் வசவு. எழுதத் தெரிந்தவருக்குக் கையெழுத்து, தெரியாதவருக்குப் பெருவிரல். இப்போது பட்டதாரியும் அலுவலக வாசலில் கைநாட்டு வைத்துத்தான் வேலைக்குள் போகிறார். யாருக்கும் அது அவமானமாகப் படவில்லை. ஆனால் மதுரைப் பக்கம் விரல் ரேகைக்கு இன்னும் கனமான நினைவு உண்டு. சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்திய ஆங்கிலேயர் காலக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை அங்கே மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் பெண் ஒருவர் உட்பட 16 பேர் இறந்தார்கள். கேளிக்கைப் பூங்காவை அதோடு ஒப்பிடுவது அபத்தம். ஆனாலும் ரேகை வாங்குவது ஒருவரைச் சந்தேகிக்கும் செயலாகவும் இருந்திருக்கிறது என்பதை மறப்பதற்கில்லை.

ரேகை என்றாலே தீமை என்ற கட்சியில் நான் இல்லை. கைபேசியைத் திறக்க நானும் விரல்தான் வைக்கிறேன். அந்த ரேகை கைபேசியின் சில்லுக்குள்ளேயே கிடக்கிறது. வேண்டாமென்றால் நாலு எண் போதும். ரேகை எங்கே போகிறது, மறுத்தால் எனக்கு வேறு வழி உண்டா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். ரேஷன் கடையில் இரண்டாவது கேள்வி உயிர்க்கேள்வி. நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் வரி மழுங்கிப்போன விரலைக் கருவி சில நேரம் ஏற்காது. "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் கிழவிக்கு அன்றைய அரிசி இல்லை. டிஸ்னியில் அட்டையைக் காட்டுபவருக்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

ஆகவே என் முடிவு இது. சிக்ஸ் பிளாக்ஸ் செய்தது தவறு. டிஸ்னி செய்வது தவறென்று சொல்லமாட்டேன், தேவையற்றது. அடையாள அட்டை என்ற மாற்று வழியை நிபந்தனைகளுக்குள் ஒளிக்காமல், விரல் வைக்கும் கம்பத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டும்வரை அங்கே பெறும் சம்மதத்தை முழுச் சம்மதமாக ஏற்க முடியாது. டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறீர்கள் என்றால், ஊழியர் கம்பத்தைக் காட்டும்போது, "அட்டை காட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கதவு திறக்கும்.