மோகனாங்கியின் ஆசிரியரும் கொட்டியாரக் குடாவும்

தமிழின் முதல் சரித்திர நாவலை எழுதியவர் திருகோணமலைக்காரர் என்று புல்மோட்டையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒருநாள் சொன்னேன். “நம்மட திருகோணமலையா சேர்?” என்றாள் ஒரு பிள்ளை. ஓம் என்றேன். “அப்ப அந்தக் கதையில நம்மட ஊரெல்லாம் வருதா?” இல்லை என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தச் சங்கடம்தான் இதை எழுத வைத்தது.

அவர் பெயர் த. சரவணமுத்துப்பிள்ளை. 1865இல் திருகோணமலையில் பிறந்தவர். தமிழறிஞர் த. கனகசுந்தரம்பிள்ளையின் தம்பி. அண்ணனின் பெயர் தெரிந்த பலருக்கும் தம்பியைத் தெரியாது. சென்னைக்குப் போய்ப் படித்து, அங்கேயே நூலகராக வேலை பார்த்தார். 1892இல் ‘தத்தைவிடு தூது’, 1895இல் ‘மோகனாங்கி’. 1902இல் காலமானார். வயது 37தான்.

‘தத்தைவிடு தூது’ சின்ன நூல். கிளியைத் தூதனுப்பும் பழைய வடிவம்தான், ஆனால் பேசுகிற விஷயம் பழசல்ல. தனக்கு வாய்க்கும் மணவாழ்க்கையில் பெண்ணின் விருப்பத்துக்கு இடமில்லையா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. 27 வயது வாலிபர் ஒருவர் அன்றைக்கு இதை எழுதினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் ‘மோகனாங்கி’க்குள் போகவேண்டும்.

நாவலின் களம் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் அரசுகள். மதுரைச் சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை இளவரசிக்கும் இடையிலான காதல் கதை. சரித்திரம் சொல்வது காதலை அல்ல. சொக்கநாதர் பெண் கேட்டார், தஞ்சை விஜயராகவ நாயக்கர் மறுத்தார், 1673இல் படை வந்தது. விஜயராகவர் போரில் இறந்தார், அந்தப்புரப் பெண்கள் வெடிமருந்துக்குப் பலியானார்கள். இரண்டு அரசர்கள் கேட்டதும் மறுத்ததும்தான் அங்கே பதிவாகியிருக்கிறது. அவளிடம் யாரும் கேட்டதாக இல்லை. சரவணமுத்துப்பிள்ளை அவளுக்கு ஒரு பெயரும் மனமும் கொடுத்து, அந்தப் பெயரையே புத்தகத்துக்கும் வைத்தார். அவருடைய பெரிய சாதனை இதுதான் என்பது என் எண்ணம். ‘முதல்’ என்ற பட்டம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். அவர் இறந்து 17 வருடம் கழித்து, 1919இல், நாவலைச் சுருக்கி வெளியிட்டார்கள். அப்போது தலைப்பில் வந்தது சொக்கநாதரின் பெயர். மோகனாங்கி தலைப்பிலிருந்தே காணாமல் போனாள். ஆசிரியர் உயிரோடு இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா?

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். சொக்கநாதர் ஆண்ட அதே காலத்தில் திருகோணமலைக் கரை சும்மா கிடக்கவில்லை. 1660இல் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள், அதாவது இன்றைய மூதூர்ப் பக்கம், வந்து நின்றது. கண்டி அரசனின் ஆட்கள் அதில் வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர்தான் றொபேர்ட் நொக்ஸ். ஏறக்குறைய 20 வருடம் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். கண்டியில் சோனகருக்கு இருந்த பள்ளிவாசலைப் பற்றிக்கூட அதில் எழுதியிருக்கிறார். 1719இல் டானியல் டீஃபோ ‘ரொபின்சன் குரூசோ’வை எழுதியபோது நொக்ஸின் புத்தகமும் அவருக்குத் துணையாக இருந்தது என்று ஆய்வாளர் சொல்வார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்ததும், ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தியதும் தஞ்சை விழுவதற்கு முந்தின வருடத்துக் கதை. ஆங்கில நாவலின் தொடக்கத்துக்கு நம்மட குடாவிலிருந்து சரக்குப் போயிருக்கிறது. திருகோணமலையில் பிறந்த நாவலாசிரியரோ தஞ்சாவூருக்குப் போய்விட்டார்!

இது அவர் ஒருவரின் குறையல்ல. நம்மவர் மர்ஹூம் சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ மிஸ்ரிலும் இந்தியாவிலும் நடக்கிறது. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பிய வீரக்கதையின் தழுவல். ஒரு முஸ்லிம், ஒரு கத்தோலிக்கர், ஒரு சைவர். இலங்கையரின் முதல் மூன்று தமிழ் நாவல்களும் கடலுக்கு அப்பால்தான் நடக்கின்றன. சரவணமுத்துப்பிள்ளைக்கு வேலை சென்னையில், அச்சுக்கூடம் சென்னையில், வாசகரும் சென்னையில். நாயக்கர் சரித்திரம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொட்டியாரத்தின் கதையோ இங்கிலீசுப் புத்தகத்தில் வெள்ளைக்காரன் வாயில் இருந்தது. நியாயம் விளங்குகிறது, ஆனாலும் மனம் ஆறவில்லை. அவர் கொஞ்சக் காலம் கூட வாழ்ந்து, ஊருக்குத் திரும்பி, இரண்டாவது நாவல் எழுதியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திருகோணமலைக் கரை நாவலில் தன் முகத்தைப் பார்க்க, மூதூர் வ.அ. இராசரத்தினம் (1925–2001) வரவேண்டியிருந்தது. ‘துறைக்காரன்’, ‘ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கின்றது’ இரண்டையும் நம் பள்ளிக்கூட நூலகங்களில் தேடிப்பாருங்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம். அவரும் குடாவுக்குத் தெற்கே நின்றுவிட்டார். வடக்கே எங்கள் ஊர்ப் பக்கம் கறுத்த இல்மனைட் மணல் இருக்கிறது, கொக்கிளாய்க் களப்பு இருக்கிறது, யுத்த காலத்தில் மூடிய பாதை இருக்கிறது, தோணியை விட்டுவிட்டு ஓடியவர்களின் கதை இருக்கிறது. நான் வாசித்த நாவல்களில் இவை இல்லை. நம்மவரில் கவிதை எழுதுகிறவர்கள் நிறைய. நாவலுக்கு உட்காருகிறவர் குறைவு.

அன்று கேள்வி கேட்ட பிள்ளையின் மூத்தவாப்பா கரைவலைக்காரர். அவர் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வை என்றேன். “அதெல்லாம் கதையா சேர்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கொப்பியை இன்னும் எனக்குக் காட்டவில்லை.