சிவ கேசவனின் தோள்

இந்திய லூஜ் வீரர் சிவ கேசவன் என்றாலே லாரிக்கு அடியில் புகுந்து வெளிவந்த அந்தக் காணொளியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிது, மணாலி மலைச்சாலையில் சக்கரம் பூட்டிய லூஜ் சறுக்குவண்டியில் மல்லாந்தபடி அவர் ஒரு வளைவுக்குள் நுழைகிற விதம். வளைவு வருமுன்பே தோள் இறங்கிவிடும். கெண்டைக்காலின் அழுத்தமெல்லாம் அதன் பின்னால்தான் வரும்.

பனியில் லூஜின் எஃகு நழுவிக்கொடுக்கும். தாரில் சக்கரம் பிடித்தால் பிடித்ததுதான். பாரத்தை எந்தக் கணத்தில் மாற்றுவது என்பது ஒன்றே ஆடுபவர் கையில் மிச்சம். பனி இல்லாத மாதங்களில் ஸ்னோபோர்டுக்காரர்கள் லாங்போர்டில் ஏறும்போதும் இதே கதைதான். கேசவனோ தொடங்கியதே சக்கரத்தில். ஆஸ்திரியாவின் குந்தர் லெம்மரர் பஞ்ச்குலாவில் நடத்திய முகாமில் ஏறினார். பனித்தடத்தைக் கண்டது அதற்கப்புறம். 1998இல், 16 வயதில், நாகானோ ஒலிம்பிக். 2018 வரை மொத்தம் 6 ஒலிம்பிக். 2011இல் அதே நாகானோவில் ஆசியக் கோப்பைத் தங்கம். செயற்கைப் பனித்தடம் ஒன்றுகூட இல்லாத நாட்டிலிருந்து போய் வாங்கியது!

தோளைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்ரீரங்கம். இராப்பத்து எட்டாம் நாள், மணல்வெளியில் தங்கக் குதிரையில் நம்பெருமாள் வையாளி என்னும் குதிரையோட்டம் கண்டருளும்போது, முன்னும் பின்னும் வளைந்து ஓடுகிற வேகத்தில் கூட்டம் மெய்ம்மறந்து நிற்கும். என் தாத்தா சேவித்த கையோடு வாகனத்தைச் சுமந்தோடும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் பக்கம் கண்ணைத் திருப்புவார். "திரும்பறது கால்ல இல்லைடா, தோள்ல" என்பார். யார் தோள் ஒரு நொடி பிந்தியது என்று வீடு வரும்வரை பேச்சு ஓடும். அப்படி நின்று பார்க்கிறவர்கள் இன்று குறைவு. எல்லோர் கையிலும் செல்போன் உயர்ந்திருக்கிறது.

திருச்சியில் என் நண்பர்கள் ஜப்பானிய ஸ்னோபோர்டு வீரர் அயுமு ஹிரானோவின் கட்சி. அதில் நியாயமும் உண்டு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு ஆடி 14ஆம் இடம். ஆறு மாதம் கழித்து பெய்ஜிங்கில் ஸ்னோபோர்டு ஹாஃப்பைப் தங்கம். இரண்டாம் சுற்றுக்கு நடுவர்கள் 91.75தான் போட்டார்கள். முகம் கோணாமல் மறுபடி ஏறிப்போய் 96 வாங்கினாரே, அந்த நிதானத்துக்கு நானும் கைதட்டினேன். ஆனாலும் அவர் வித்தை அந்தரத்தில் நடக்கிறது. அவருக்குப் பழக அப்பாவின் ஸ்கேட் பூங்கா இருந்தது. கேசவனுக்கு வாய்த்தது பொதுச்சாலை, அதில் லாரியும் ஆட்டு மந்தையும். தரையோடு கிடந்து திரும்புவதில் உள்ள ருசி எனக்கு அந்தரத்தில் கிடைப்பதில்லை.

இப்போது பலகைக்கு மோட்டார் வந்துவிட்டது. சர்ஃப்ஸ்கேட்டிலோ முன் அச்சே தாராளமாக வளைந்துகொடுக்கிறது. தோள் பிந்தினாலும் திருப்பம் கிடைத்துவிடும். இதையும் பயிற்சி என்கிறார்கள்.

என்னிடம் கேட்கிற பையன்களுக்கு மோட்டார் இல்லாத லாங்போர்டையும் மென்மையான சக்கரத்தையும்தான் சொல்கிறேன், 78ஏ கடினம் போதும். காவிரிப் பாலத்துப் பக்கமே போக வேண்டாம். வண்டி வராத சின்னச் சரிவாகப் பார்த்து, தலைக்கவசம் மாட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு இரண்டு மாதம் திரும்பிப் பழகட்டும். வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.