தராசில் ஏறாத எடை

மலையகப் பெண் என்றதும் எமது எழுத்தில் கூடையும் கொழுந்தும் வந்துவிடும். என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' அவளது உழைப்பையும் மானத்தையும் பேசிற்று. பின்வந்தோர் பலர் கூடையை மட்டும் எடுத்துக்கொண்டனர். அவள் சாப்பிட்டாளா?

2006-07ஆம் ஆண்டின் இலங்கைச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டங்களில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர். நாடு முழுவதற்குமான விகிதத்தில் இது இருமடங்கு. ரொட்டியோடு குடிக்கும் தேத்தண்ணி, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. மெலிந்த தாய்க்கு நிறைகுறைந்த பிள்ளை பிறக்கிறது.

'கொடியிடை' என்று நாம் வர்ணிப்பது பல வேளைகளில் இந்தப் பசியைத்தான். பனிக்குளிரில் தேநீர் உறிஞ்சியபடி ஊர் முற்றத்துக்கு ஏங்கும் எமது இலக்கியம், அவளது சட்டிக்குள்ளும் எட்டிப் பார்க்கவேண்டும்.

ரொக்ஸ்பரோ, மொன்றியல்