இளந்தலை வரைந்த பட்டறைகள்

ஓர் ஓவியப் பள்ளியின் தரத்தை அறிய அதன் முடிந்த படங்களைப் பார்ப்பதிலும், அவற்றுக்காக முன்கூட்டி வரைந்து பார்த்த தலையொன்றைப் பார்ப்பது மேல். வண்ணம் பல குறைகளை மூடிவிடும். முன்வரைவில் கோடு வெளிச்சத்தில் நிற்கிறது. அதிலும் இளையவர் தலை கடினம். முதியவர் முகத்தில் சுருக்கமும் தாடியும் கைகொடுக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையின் கன்னத்தில் பென்சிலுக்குப் பிடிமானமே இராது.

புளோரன்ஸ் நகரத்துப் பட்டறைகள் இதை அடிப்படைப் பாடமாக வைத்திருந்தன. 1400ஆம் ஆண்டையொட்டிக் கைந்நூல் எழுதிய செனினோ செனினி, மாணவன் சிறு பலகையில் ஓராண்டு வரைந்து பழக வேண்டும் என்கிறார். பின் நிறம் அரைத்தல், பசை காய்ச்சல் முதலான வேலைகளில் 6 ஆண்டு, வண்ணம் தீட்டுவதில் இன்னொரு 6 ஆண்டு. எலும்புச் சாம்பலைப் பசையில் குழைத்துத் தாளில் பூசிக் காயவிட்டு, வெள்ளி முனையால் கீறுவார்கள். விழுந்த கோட்டை இலகுவில் அழிக்க முடியாது. பட்டறைப் பையன்களே மாதிரியாக இருந்து கொடுத்தார்கள். மாதாவின் உருவத்துக்குக்கூட அவர்களை வைத்து வரைந்ததுண்டு.

புளோரன்ஸ் ஓவியர் வெரோக்கியோவின் பெண் தலையொன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. கறுப்புச் சோக்கால் வரைந்தது. தலை சற்றே சாய்ந்து, இமை தாழ்ந்திருக்கிறது. பின்னல்கள் இழை இழையாகத் தெளிந்து நிற்க, கன்னத்தில் சோக்கைத் தேய்த்துப் புகைபோல் படரவிட்டிருக்கிறார். எங்கே கோடு வேண்டும், எங்கே வேண்டாம் என்ற தீர்ப்பை இதைவிடத் தெளிவாக நான் வேறெதிலும் கண்டதில்லை. அவருடைய மாணவரான லியனார்டோ டா வின்சி இத்தகைய கூந்தலைப் பின்பற்றி வரைந்ததாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்கிறார்.

வெனிஸ் ஓவியர் நீலத் தாளையும் மென்மையான நிழலையும் விரும்பினர். ரபாயேலின் முறை வேறு. முழு அளவு வரைவில் ஊசியால் துளையிட்டுக் கரித்தூள் தட்டி, விழுந்த புள்ளிகளின்மேல் தலையை மட்டும் மறுபடி நுணுக்கமாக வரைவார். ‘உருமாற்றம்’ ஓவியத்துக்காக அவர் வரைந்த இளம் அப்போஸ்தலர் தலை 2012இல் இலண்டனில் ஏறத்தாழ 3 கோடி பவுணுக்கு ஏலம் போனது.

நமது சிற்ப மரபிலும் அளவுண்டு. முகம் ஒரு தாலம், தாலம் 12 அங்குலம். பிள்ளை உருவங்களுக்குத் தாலக் கணக்குக் குறையும். நெற்றி, மூக்கு, மூக்கின்கீழிருந்து நாடி என முகத்தை மூன்று சமபங்காக்குவதில் செனினியும் சிற்ப நூல்களும் ஒன்றுபடுகின்றன. ஆனால் நம்மிடம் அளவு காக்கப்பட்ட அளவுக்கு, உயிருள்ள முகத்தை எதிரே இருத்தி வரையும் பழக்கம் வளரவில்லை.

அந்தப் பழக்கம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது சித்திர ஆசிரியர்களால். இலங்கைச் சித்திரக் கல்விக்கு வழிகாட்டிய வின்சரின் பெயரில் 1938இல் ஓவியக் கழகம் தொடங்கினார் எஸ்.ஆர். கனகசபை. குருநகரில் பிறந்த அ. மாற்கு (1933–2000) நவீனக் கோட்டைக் கொண்டுவந்ததோடு, பல இளையவர்களுக்கு ஆசானாகவும் இருந்தார். இவர்கள் வழிவந்த முன்வரைவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் நமது பள்ளி எதுவென்று சொல்ல முடியும். 1987இல் வடமராட்சியும் 1995இல் வலிகாமமும் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு கடதாசிகளும் போயின. எஞ்சியவையும் பயிற்சித் தாள்தானே என்று அடுப்புக்குப் போகின்றன. அது நமக்குப் பெரும் இழப்பு.

இம்மலரைக் கையில் எடுக்கும் கரவெட்டி, நெல்லியடி வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டு றங்குப்பெட்டியில் அப்பாவோ பெரியம்மாவோ வரைந்த பழைய தலைகள் கிடந்தால் எறியாதீர்கள். லமினேற் செய்யவும் வேண்டாம். வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் பின்புறம் மெல்லப் பென்சிலால் எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறைக்கோ, எண்ணிமப் பிரதி எடுக்கும் நூலக நிறுவனத்துக்கோ தெரியப்படுத்துங்கள்.