சாளரத்திலிருந்து கலையகத்துக்கு: நற்றாஷா குறோலின் கலை நெறியாள்கை பற்றிய ஒரு குறிப்பு

தொலைக்காட்சி நாடகமொன்றை மதிப்பிடுவோர் நெறியாளரையும் நடிகரையும் விரிவாகப் பேசிக் காட்சியமைப்புக்கு ஒரு வாக்கியத்தை ஒதுக்கி அமைவதே வழமை. கூட்டுழைப்பின் விளைபொருளைத் தனியொருவரின் மேதைமையாகக் காணும் இந்நோக்கினால் மறைக்கப்பட்டோருள் நற்றாஷா குறோல் (1914–2004) குறிப்பிடத்தக்கவர்.

மொஸ்கோவிற் பிறந்த இவர், பேர்ளினில் றைமன் கலைப் பாடசாலையிற் பயின்றார். நாசி ஆட்சிக்காலத்தில் அப்பாடசாலை இலண்டனில் மீளத் தொடங்கப்பட்டபோது அங்கு கற்பித்தார். 1942 முதல் பிக்கடில்லியிலிருந்த சிம்சன் ஆடை விற்பனையகத்தின் காட்சிச் சாளரங்கள் இவர் பொறுப்பாயின. 1936இல் திறக்கப்பட்ட அவ்விற்பனையகத்தின் தொடக்ககாலக் காட்சிகளை அமைத்தவர் பௌஹவுஸ் கலைஞர் மொஹோலி-நாகி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. குறோலின் கலை திடீரென முளைத்ததன்று. பெண்ணின் இயல்பான அலங்கார நாட்டமுமன்று. அது பயின்று பெற்ற தொழில்.

காட்சிச் சாளரம் என்பது யாது? பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்து, வாங்குவோன் முன் தானே தோன்றியதுபோல நிற்கும் இடம். குறோல் அங்கு மேலங்கிகளை விற்பதற்கே ஊதியம் பெற்றார். இதனைப் பூசி மெழுகுதல் வேண்டா. ஆனால் ஆடைகளே பங்கீட்டில் வழங்கப்பட்ட யுத்தகாலத் தட்டுப்பாட்டிடையே, சில பொருள்களையும் அவற்றிடையேயான வெற்றிடத்தையும் கொண்டு பேச அவர் கற்றுக்கொண்டார். 1954இல் சாளரக் காட்சி பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார்.

1950களின் நடுப்பகுதியில் றிச்சர்ட் லெவின் தலைமையிலான பீ.பீ.சீ. வடிவமைப்புப் பிரிவிற் சேர்ந்தார். மூன்று சுவர் கொண்ட மேடை அறையைப் பின்பற்றிவந்த கலையகத்தில் இவர் சுவர்களைக் குறைத்தார். கறுப்பு-வெள்ளைச் சிறு திரை நுணுக்கங்களைத் தாங்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1958இல் தொடங்கிய ‘மொனிற்றர்’ என்னும் கலை நிகழ்ச்சிக்கான அவரது அமைப்புகளில் இச்சிக்கனத்தைக் காணலாம்.

இதனை உடனே பிறெக்ரின் அந்நியமாதலோடு இணைத்துவிடச் சிலர் விரும்பக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிக்கடில்லியில் மேலங்கி விற்றதும் இதே வெற்றிடந்தான். அங்கு அது கண்ணைப் பண்டத்தின்பால் திருப்பிற்று. கலையகத்திலோ பேசுவதற்கு நிறுவனம் அனுமதித்த அறிஞரின்பால் திருப்பிற்று. வடிவம் தன்னளவில் முற்போக்கானதாகிவிடாது. எவ்வுறவுகளுக்குள் அது தொழிற்படுகின்றது என்பதே வினா.

அவ்வினாவுக்குச் சாதகமான விடை ‘த ஹயர்லிங்’ (1973) திரைப்படத்திற் கிட்டுகின்றது. எல். பி. ஹார்ட்லியின் நாவலைத் தழுவிய இப்படம், செல்வச் சீமாட்டிக்கும் வாடகைக் காரோட்டிக்கும் இடையே எழும் நெருக்கத்தையும், அவள் தன் வர்க்கத்துக்கே மீளுவதையும் சித்திரிப்பது. இத்தகைய கதையில் மாளிகையும் காரும் வெறும் பின்னணியல்ல. காரோட்டி கடக்கவியலாத எல்லைகள் அவை. இதற்காகக் குறோல் சிறந்த கலை நெறியாள்கைக்கான பிரித்தானியத் திரைப்பட விருதைப் பெற்றார்.

1966இல் அவருக்கு வழங்கப்பட்ட பட்டத்தின் பெயர் ‘கைத்தொழிலுக்கான அரச வடிவமைப்பாளர்’ என்பதாகும். கைத்தொழில் என்ற அச்சொல்லை அவரது விமர்சகர்கள் போதிய கவனத்துடன் வாசிக்கவில்லை. நேரடி ஒளிபரப்பு மிகுந்திருந்த அக்காலத்தில், நிகழ்ச்சி முடிந்ததும் அமைப்புகள் கழற்றப்பட்டன. பல நிகழ்ச்சிகள் பதிவாகவுமில்லை. அவரை ஆராயப் புகுவோர் புகைப்படங்களையும் வரைபடங்களையும் கொண்டே தொடங்கவேண்டியுள்ளது.